‘ஷுட் ஹேவ்’ சொன்ன மாப்பிள்ளை

“சார், யு ஷுட் ஹேவ் டைட்!”

இதைச் சொன்னவர் என்னைப் பெண் பார்க்க வந்தவர். யாரிடம் சொன்னார் என்கிறீர்கள்? என் அப்பாவிடம்! எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டு அச்சு முறுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, மனசார, சத்தமாகச் சொன்னார்.

இங்கிலீஷ் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘ஐயா, நீங்கள் செத்திருக்க வேண்டும், சாகாமல் விட்டது உங்கள் தப்பு’ என்று அதற்கு அர்த்தம். பெண் கேட்டு வந்த இடத்தில் பெண்ணின் தகப்பனிடம் சொல்லக்கூடிய வாக்கியமா இது?

போன வாரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கதையில் ஊதா நாக்குக்காரர் ஒருவர் வந்தாரே, அவர் என்ன ஆனார் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆனது இதுதான். அந்த ஊதா நாக்கிலிருந்துதான் இந்த ‘ஷுட் ஹேவ்’ வந்து விழுந்தது.

போன வாரம் படிக்காதவர்களுக்கு: அவர் பெயர் லூர்துராஜ். வீடு திருவொற்றியூரில். துறைமுகத்தில் டாலி கிளார்க், அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணுகிற வேலை. அதற்கு அழியாப் பென்சில் கொடுப்பார்கள். அது எழுத வேண்டுமானால் நாக்கில் தொட்டுக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் தொட்டுத் தொட்டு அவர் நாக்கு நாவல்பழம் தின்றவர் நாக்கு மாதிரியே இருக்கும். இன்ஸ்டிட்யூட்டில் என் பக்கத்து மெஷின் அவருக்கு. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். அந்தப் பொத்தலில்தான் நான் விழுந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் சாதாரணமாக இல்லை, சோறு இறங்காத அளவுக்கு.

அவரே தாய்மாமனை அழைத்துக்கொண்டு முறையாகப் பெண் கேட்டு வந்தபோது, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன். மெழுகுவத்தி என்ன செய்யும், பாவம். அதற்கு இங்கிலீஷ் தெரியுமா?

நாய்க்கு மட்டும் புரிந்த பாஷை

என் அப்பா அந்தோணிசாமி ரயில்வேயில் கார்டு. ராயபுரத்திலிருந்து போகிற சரக்கு வண்டிகளில் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாக நிற்பவர். தெருவே அவரைக் ‘கார்டு நைனா’ என்றுதான் கூப்பிடும். வீட்டில் மட்டும் நாங்கள் ‘டாடி’ என்று சொல்ல வேண்டும். வாய் தவறி ‘நைனா’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருக்கு இங்கிலீஷ் மேல் ஒரு வெறி. பெரேரா என்ற ஆங்கிலோ இந்திய டிரைவரோடு ரொம்ப வருஷம் ஒரே வண்டியில் போனவர். இன்ஜின் முன்னால், கார்டு பெட்டி பின்னால், நடுவில் அத்தனை வேகன். இதில் எப்போது பேசிக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கற்றுக்கொண்டதில் பாதி கட்டளை, மீதி வசவு.

அந்தப் பாஷையைப் பேச வீட்டில் ஆள் கிடையாது. அம்மா ஞானம்மாளுக்கு ‘தேங்க்யூ’வோடு சரி. அதனால் நாயிடம் பேசினார். எங்கள் ஜிம்மிக்குத் தமிழே தெரியாது. ‘போடா’ என்றால் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வரும். ‘கெட் அவுட்’ என்றால்தான் போகும்.

அப்பேர்ப்பட்டவர் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஒரு சட்டம் போட்டிருந்தார். சம்பளம், குடும்பம், குணம் எல்லாம் அப்புறம். வந்தவர் ஒரு காப்பி குடித்து முடிக்கும் வரைக்கும் அப்பாவோடு இங்கிலீஷில் பேச வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குப் பயந்தே பாதிப் பேர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. வந்தவர்களில் ஒருத்தர், காப்பியைச் சீக்கிரம் முடித்தால் இங்கிலீஷும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்து, பிறகு தமிழும் பேச முடியாமல் கைஜாடை காட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இந்தச் சட்டம் போடும்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். இங்கிலீஷில் வகுப்பில் முதலாக வந்தவள். அந்த வீட்டில் ஒழுங்காக இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். என் வேலை என்ன? திரைச்சீலைக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நிற்பது. எரியுமா எரியாதா?

‘இருக்கணும்’ படுத்திய பாடு

இந்த இடத்தில் கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டியிருக்கிறது. பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், என் கல்யாணமே இதில்தான் சிக்கிக்கொண்டு கிடந்தது.

எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவர் சிஸ்டர் பெனடிக்டா. ‘ஹேவ்’ என்றால் ‘வைத்திரு’ என்றுதான் சின்ன வகுப்பில் படித்திருந்தோம். பெரிய வகுப்புக்குப் போனால் அது ஷுட், மஸ்ட், குட், மைட் என்று ஒவ்வொன்றின் வாலையும் பிடித்துக்கொண்டு வருகிறது. ‘ஷீ மஸ்ட் ஹேவ் ஈட்டன்’ என்பதை ‘அவள் கட்டாயம் சாப்பாடு வைத்திருக்க வேண்டும்’ என்று மொழிபெயர்த்தவள் என் பக்கத்து பெஞ்சுக்காரி. சிஸ்டர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

சிஸ்டர் எங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: “ஷுட் ஹேவ் என்பது குறை சொல்கிற வாய். செய்திருக்க வேண்டியது, செய்யவில்லை. மஸ்ட் ஹேவ் என்பது மோப்பம் பிடிக்கிற மூக்கு. பார்க்கவில்லை, ஆனால் நடந்துதான் இருக்கும். குட் ஹேவ் என்பது தப்பித்தவன் விடுகிற மூச்சு. நடந்திருக்கலாம், நல்லவேளை நடக்கவில்லை. மைட் ஹேவ் என்றால் யாருக்குத் தெரியும், ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.”

எவ்வளவு ஒழுங்கு பாருங்கள், வெள்ளைக்காரனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா. நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரே ஒரு ‘இருக்கணும்’. அதைத்தான் எல்லாவற்றுக்கும் போட்டு அடிக்கிறோம்.

ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்து, “இந்நேரம் வண்டி வந்திருக்கணும்” என்று பல்லைக் கடிப்பார். அவருடைய வண்டி வரவில்லை. ஸ்டேஷனை ஒட்டின வீட்டில் ஒரு அம்மாள் விசில் சத்தம் கேட்டு, “வண்டி வந்திருக்கணும்” என்று உலையில் அரிசி போடுவார். அவருடைய வண்டி வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். குரலை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம், நமக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. துறைமுகத்தில் யாராவது கிரேனுக்கு அடியில் தப்பிப் பிழைத்துவிட்டால், “அவன் செத்திருக்கணும்பா!” என்பார்கள். அது சாபம் இல்லை, அன்பு. முதுகில் தட்டிச் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

லூர்துராஜ் அந்த டீயைத்தான் அப்பாவுக்கு இங்கிலீஷில் வாங்கிக் கொடுக்கப் பார்த்தார்.

பேரீச்சம்பழ மூட்டையும் அப்பாவின் தொப்பியும்

அப்பா சாகாமல் போன கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விட மாட்டீர்கள்.

சரக்கு வண்டியைத் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டு போய்க் கப்பல் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஒரு நாள் பாஸ்ராவிலிருந்து வந்த கப்பலில் பேரீச்சம்பழம் இறங்கிக்கொண்டிருந்தது. ஓலைப்பாய் மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டிக் கிரேன் தூக்கும்போது வலை அறுந்துவிட்டது. அத்தனை மூட்டையும் அப்பா நின்ற இடத்திலேயே வந்து விழுந்தன.

ஆனால் அப்பா அந்த நொடியில் அங்கே இல்லை. ஓர் அடி தள்ளிக் குனிந்துகொண்டிருந்தார். எதற்குக் குனிந்தார் என்பது கதை கேட்பவரைப் பொறுத்தது. பங்குச் சாமியார் கேட்டால், கீழே விழுந்த ஜெபமாலையை எடுக்க. மற்றவர்கள் கேட்டால், கீழே விழுந்த பீடியை எடுக்க.

தலை தப்பியது, தொப்பி தப்பவில்லை. ரயில்வே தொப்பி தோசையாகப் போயிற்று. அப்பா உடம்பெல்லாம் பழக்கூழ் அப்பிக்கொண்டு, துறைமுகத்து ஈக்கள் மொத்தமும் பின்னால் வர, வீட்டுக்கு நடந்து வந்தார். அந்தச் சீருடையை எத்தனை தடவை சோடா போட்டு வெளுத்தாலும் எறும்பு விடவில்லை. நசுங்கின தொப்பியை அப்பா திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார். ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் ஆண்டவருக்கும் தொப்பிக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தொப்பியைக் காட்டி இங்கிலீஷில் கதையை ஆரம்பிப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் கொட்டாவியை முழுங்குவார்கள்.

லூர்துராஜ் அப்படி இல்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “தென் தி ரோப் புரோக்!” என்று அப்பா கையை விரித்தபோது, இவர் தன் தலையைக் கையால் மறைத்துக்கொண்டார். அவ்வளவு ஒன்றிப்போய்க் கேட்டார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. காரியம் கைகூடிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் வந்தது அந்த வாக்கியம்.

திரைக்குப் பின்னால் இருந்து ஒரு ‘குட்’

“வாட்?” என்றார் அப்பா.

‘ஷுட் இல்லை, குட் என்று சொல்லுங்கள்’ என்று எப்படிச் சொல்வது? திரையை லேசாக விலக்கி, அவர் கண்ணில் படும்படி நின்று, வாயைக் குவித்து, “குட்... குட்...” என்று ரகசியமாகச் சொன்னேன்.

மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. பெண்ணே ‘பேஷ், பேஷ்’ என்று பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்! அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க ஆரம்பித்தார்.

“யு, சார்! ஷுட் ஹேவ் டைட்! ஆன் தி ஸ்பாட்! எவ்ரிபடி இன் ஹார்பர் இஸ் ஸேயிங்!”

இதற்கு என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் சொன்னது சரியான வார்த்தை. அது ‘நல்லது’ என்கிற குட் மாதிரியே காதில் விழுந்தால் அதற்கு வெள்ளைக்காரன்தான் பொறுப்பு.

அப்பாவின் முகம் சுண்டிப் போனது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாங்க சொல்றாரு தம்பி?” என்று கேட்டாள்.

“நான் செத்திருக்கணுமாம்,” என்றார் அப்பா.

அம்மா உடனே ஆண்டவர் படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். “பின்ன? செத்திருக்கணும்தான். மாதா புண்ணியம்!”

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஞானஸ்நானத்தில் ஆரம்பித்து அவள் செய்த எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற பார்வை. “நீயுமா?” என்றார்.

லூர்துராஜின் தாய்மாமன் சவரிமுத்து துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். நல்ல மனுஷர். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

“இன்னா கார்டு சாரே, மூஞ்சி இப்டிப் பூட்ச்சி? புள்ள இன்னா தப்பா சொல்ட்டான்? நீ செத்திருக்கணும்தான? அந்த மூட்ட மட்டும் தலமேல வுயுந்திருந்தா, இன்னிக்கி நாங்க பொண்ணு பாக்கவா வந்திருப்போம்? உன் கருமாதிக்கில்ல வந்திருப்போம்!”

சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

அப்பா எழுந்து நின்றார். “இன்டர்வியூ ஓவர்,” என்றார்.

லூர்துராஜ் திரும்பித் திரும்பித் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே போனார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அடுப்படிக்குப் போய் இரண்டையும் முந்தானையில் அடக்கினேன். அன்றோடு என் டைப்ரைட்டிங்கும் நின்றது. அவரிடம் விஷயத்தைச் சொல்ல இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

ஒரு ‘நாட்’ போட்டால் தீர்ந்தது

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு லூர்துராஜ் தனியாக வந்து நின்றார். நாக்கைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார் போல, ஊதா போய்ச் செக்கச்செவேல் என்று இருந்தது.

வாரம் முழுக்கத் தன் ஆபீஸ் பெரிய கிளார்க்கைப் பிடித்து ஆலோசனை கேட்டிருக்கிறார். அந்த மேதாவி சொன்ன வழி இது: “இங்கிலீஷ்ல எந்த வாக்கியம் தப்பாப் போனாலும் நடுவுல ஒரு ‘நாட்’ போடு. நேர்மாறா ஆயிடும். விஷயம் முடிஞ்சுது.”

அப்பா பனியனோடு சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் அவர் முன்னால் அட்டென்ஷனில் நின்றார். “சார், லாஸ்ட் டைம் ஐ டோல்ட் மிஸ்டேக். நவ் ஐ டெல் கரெக்ட்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “யு ஷுட் நாட் ஹேவ் டைட்.”

‘நீங்கள் செத்திருக்கக் கூடாது, ஐயா.’ உயிரோடு பேப்பர் படிக்கிற மனுஷனிடம்!

“ஐ ஹேவ் நாட் டைட்!” என்று கத்தினார் அப்பா.

“யெஸ் சார்,” என்றார் இவர், குரல் தழுதழுக்க. “வெரி ஸாரி, சார்.”

நான் திரைக்குப் பின்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்திருந்தாள் கன்னியம்மா. துறைமுகத்தை அண்டிப் பிழைப்பவளுக்கு ‘டைட்’ தெரியும், ‘ஸாரி’ தெரியும். இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். கூடையைக்கூட எடுக்காமல் தெருவில் ஓடினாள்.

“அய்யய்யோ, கார்டு நைனா பூட்டாரே! காலீல கூட என்கிட்ட பேரம் பேசிக்கினு இருந்தாரே!”

மத்தியானத்துக்குள் வாசலில் கூட்டம். ஸ்டேஷனிலிருந்து, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் ஒருவர் மாலையோடு வந்துவிட்டார். அப்பா பனியனோடு கதவைத் திறந்ததும் அவர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“நா அப்பவே சொன்னேன் சார்,” என்று திக்கினார், “நீங்க செத்திருக்க மாட்டீங்கன்னு.”

“அப்புறம் மாலை எதுக்கு?”

“செத்திருந்தா...?”

அப்பா வானத்தைப் பார்த்து, “கெட் அவுட்!” என்று ஒரு சத்தம் போட்டார். கூட்டத்தில் ஒருத்தர் நகரவில்லை. ஜிம்மி மட்டும் எழுந்து போயிற்று.

கேட்க ஆள் இல்லாத ஊர்

அதற்கப்புறம் எங்கள் தெருவில் எங்கே பார்த்தாலும் இந்தப் பேச்சுதான். டீக்கடையில் ஷுட் கட்சி, மஸ்ட் கட்சி, மைட் கட்சி என்று பிரிந்து சண்டை போட்டார்கள். ‘யு மஸ்ட் ஹேவ் டைட்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிதிருத்துகிறவர் ஒரே பிடிவாதம். அப்படிச் சொன்னால், ‘நீங்கள் செத்துத்தான் போயிருப்பீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை’ என்று ஆகும். அதையும் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ ‘குட் ஹேவ்’ என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மா, “குட்டுன்னா நல்லதுதான? நல்ல சாவுன்னு சொல்றாங்களா?” என்று கேட்டாள். அப்பா பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

உண்மை என்னவென்றால் அப்பாவுக்கும் தெரியாது. குத்தினது தெரிந்தது, எந்த முள் என்று தெரியவில்லை. “பெரேரா இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பான்,” என்று புலம்புவார். பெரேரா குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டிருந்தார். “இந்த ஊர்ல கிராமர் கேக்க ஒரு ஆள் இல்லையே!”

நான் பக்கத்தில்தான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை இருமிக்கூடப் பார்த்தேன். “தண்ணி குடி,” என்றார்.

இந்த நேரம் பார்த்துப் பெரம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நாக்பூரில் ரயில்வே ஆபீஸ் வேலை. அந்த மனுஷர் இங்கிலீஷ் பேசினால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, ஒரு சொட்டுத் தப்பு கிடையாது. அப்பா தொப்பிக் கதையை ஆரம்பித்தார். கயிறு அறுந்த இடத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்ததும், “ஹவ் வெரி இன்ட்ரஸ்டிங்,” என்றார். பிறகு என்னைக் கண்ணால் காட்டி அப்பாவிடம், “டஸ் ஷீ குக்?” என்று கேட்டார். நான் எதிரேதான் நிற்கிறேன்! எனக்கு வாய் கிடையாதா?

அவர் போனதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “பேச்சுன்னா இது. கிராமர்னா இது!”

“நீங்க செத்தீங்களா பொயச்சீங்களான்னுகூட அந்த மனுசன் காதுல வாங்கல,” என்றாள் அம்மா.

“உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார். வரும் ஞாயிறு பெரம்பூர் போய் வாக்குக் கொடுத்துவிடுவதாக ஆயிற்று. வாக்குக் கொடுத்துவிட்டால் அப்பா மாற மாட்டார். நாக்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க வெங்காயம் உரிக்கிற வேலையெல்லாம் நானே கேட்டு வாங்கிச் செய்தேன். அழுதால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் அல்லவா?

ஷூ மாட்டிய நேரம்

ஞாயிறு காலை. பூசை முடிந்து வந்து அப்பா பெரம்பூர் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டிவிட்டார். இன்னொன்றுக்கு நான் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே காப்பி ஆற்றுகிறாள்.

அப்பாவுக்கு மனசுக்குள் எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். தானாகவே பேச ஆரம்பித்தார். “அந்தத் திருவொற்றியூர் பையன் நல்ல பையன்தான். கதையைக் கேட்டான் பாரு, அந்த மாதிரி எவனும் கேட்டதில்ல. ஆனா ஒரு வார்த்தை ஒழுங்கா வரலையே. என்ன பண்றது? ஹீ ஷுட் லேர்ன் கிராமர் அண்ட் கம்.”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. ஷூவைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். அந்த வீட்டில் நான் அப்பாவிடம் ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் பேசியதே கிடையாது.

“டாடி,” என்றேன், “யு ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் மீ ஃபர்ஸ்ட்.”

முதலில் என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. உதடு மட்டும் மெதுவாக அசைந்தது. நான் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். இல்லை. சிஸ்டர் பெனடிக்டா வந்து தேடினாலும் இருக்காது.

“கரெக்ட்,” என்றார்.

பிறகு குரல் இறங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, “கரெக்ட்தான்,” என்றார்.

அம்மா காப்பியோடு வந்து அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன விளங்கியதோ, ‘இன்னாங்க சொல்றா?’ என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

அப்பா நிமிர்ந்தார். நாங்கள் ‘இன்னா’ என்று சொன்னால் பல்லைக் கடிப்பவர் அவர். அன்றைக்கு அவரே சொன்னார். “சரி. இப்ப கேக்கறேன். சொல்லு ரெஜினா. உன் மன்சுல இன்னா கீது?”

சிஸ்டர் சொல்லிக் கொடுத்த எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

“லூர்துராஜ்,” என்றேன்.

அந்தப் பெயரை வீட்டில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பா காப்பியை வாங்கிக் குடித்தார். நான் கீழே வைத்த, பாலீஷ் பாதி போட்ட ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார். படியிறங்கி, பெரம்பூருக்குப் போகிற ரோட்டுப் பக்கம் திரும்பாமல், திருவொற்றியூர்ப் பக்கம் நடந்தார்.